பாஸ் ஆகாத பிரவுன்

சாயப்பட்டறைக்காரனுக்குப் பிடித்த நிறம் என்று ஒன்று இருக்கிறதோ இல்லையோ, தூக்கத்தைக் கெடுத்த நிறம் என்று ஒன்று நிச்சயம் இருக்கும். எனக்கு அது பிரவுன்.

1998ஆம் வருடம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கும் வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம். ஐரோப்பிய பையர் (துணி வாங்குபவர்) ஒருவருக்காக 800 கிலோ பனியன் துணி, சாக்லேட் பிரவுன். லேப் டிப் (முதலில் சின்னத் துண்டில் சாயம் போட்டுக் காட்டும் மாதிரி) ஒப்புதலாகி, மிஷினில் ஏறி, காய்ந்து, மடித்தும் வைத்தாயிற்று. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். பையர் கொடுத்த மாதிரித் துண்டும் எங்கள் துணியும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. மறுநாள் பையிங் ஆபீஸிலிருந்து க்யூ.சி., அதாவது தரம் பார்ப்பவர், வந்தார். இரண்டையும் பலவித விளக்குகள் உள்ள லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்ச விளக்கைப் போட்டுத் தலையாட்டினார். அடுத்த பொத்தானை அழுத்தினார். அது டிஎல்84, ஐரோப்பியக் கடைகளில் எரியும் குழல்விளக்கின் வெளிச்சம். எங்கள் துணி மட்டும் செங்கல் பொடி தூவியதுபோலச் சிவந்து நின்றது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அந்த 800 கிலோவும் கறுப்பாயிற்று. தோற்றுப்போன ஷேடைக் கறுப்பில் முக்கி வேறொரு ஆர்டருக்குத் தள்ளிவிடுவதுதான் எங்கள் தொழிலில் கடைசி வழி. முதலாளி என்னைத் திட்டவில்லை. "பிரவுன் அப்படித்தான் கண்ணு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பையர் கொடுத்த அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அகலம். வெளிச்சம் படாமல் காகித உறையில் போட்டு மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

போன வருடம் எனக்கு ஐம்பத்திரண்டு நிறைந்தது. பெண்ணின் படிப்பு முடிந்தது. பட்டறையில் எனக்குள்ள சின்னப் பங்கிலிருந்து கொஞ்சம் பணம் சேர்ந்தாற்போல் கைக்கு வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். டயல் பிரவுனாக இருக்க வேண்டும் என்பதும் அதே மூச்சில் முடிவாகிவிட்டது. என் மனைவியின் அண்ணன் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "வேண்டாம் மாப்பிள்ளை, நீலம் வாங்குங்கள், கறுப்பு வாங்குங்கள். பிரவுன் டயல் கட்டிய அன்றைக்கே பழைய வாட்ச் மாதிரி இருக்கும்" என்றார். மச்சான் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

தமிழில் இந்த நிறத்துக்கு உருப்படியாக ஒரு பெயர் இல்லை என்பது என் நெடுநாள் குறை. பழுப்பு என்கிறோம். பழைய காகிதமும் பழுப்பு, உதிரப்போகிற இலையும் பழுப்பு, கறை படிந்த பல்லும் பழுப்பு. தவிட்டு நிறம் என்றால் வெளிறிப்போய்விடுகிறது. காவியும் காக்கியும் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். மாடு வளர்ப்பவர்கள் எங்களைவிடத் தேவலாம். செவலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு கழன்று சாம்பல் ஏறிவிடும். நிறம் மாறுவதைப் பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. திருப்பூர் லேபில் காப்பி, சாக்லேட், டொபாக்கோ, ரஸ்ட், கேமல் என்று பையர் வைத்த பெயர்களையே புழங்குகிறோம். கவுந்தப்பாடியிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறதே நாட்டுச்சர்க்கரை, அந்த நிறத்துக்கு எந்த பையரும் இன்னும் பெயர் வைக்கவில்லை. மூட்டையைப் பிரித்ததும் மேலே தெரிகிற மங்கிய நிறமில்லை. கையை உள்ளே விட்டு அள்ளினால் ஈரத்தோடு வருமே, அது. என் மனதில் இருந்த டயல் அந்த நிறம்.

வானவில்லில் பிரவுன் கிடையாது. ஆரஞ்சு நிறத்தின் ஒளியைக் குறைத்தால் வருவதுதான் பிரவுன். அதுவும் பக்கத்தில் அதைவிடப் பிரகாசமான ஏதாவது இருந்தால்தான் நம் கண் அதைப் பிரவுன் என்று ஒத்துக்கொள்ளும். கறுப்பு சார்ட் அட்டையைக் குழாயாகச் சுருட்டி, நல்ல வெளிச்சத்தில் விரித்த பிரவுன் துணியை அதன் வழியாகப் பாருங்கள். சுற்றிலும் உள்ளது மறைந்ததும் துணி மெல்ல ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்துவிடும். லேபில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் செய்து காட்டுவேன். கறுப்பு டயல் தனியாக நின்று பிழைத்துக்கொள்ளும். பிரவுனுக்கு அக்கம்பக்கம் வேண்டும். முள், மணிக்குறி, சுற்றுவளையம், பட்டை எல்லாம் சேர்ந்துதான் அதைப் பிரவுனாக்குகின்றன. கடைசியில் கட்டுகிற கையும். விளம்பரப் படங்களில் வெளுத்த மணிக்கட்டைத்தான் காட்டுகிறார்கள். என் கையில் பிரவுன் டயல் வைத்தால் தோலும் டயலும் ஒரே குடும்பம். நடுவே பளிச்சென்று ஓர் உலோக வேலி இல்லாவிட்டால் கடிகாரம் கையோடு கரைந்துவிடும்.

கடிகாரப் பைத்தியம் எனக்கு எப்போது பிடித்தது என்று தேதியோடு சொல்ல முடியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றுக்கு நாங்கள் செய்ததற்கு அது நியாயமான தீர்ப்புதான். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டறையில் எந்த ஷேடு ஓடுகிறது என்பதை ஓடைத் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய காலம் அது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். பூட்டிக் கிடந்த பட்டறையில் நானும் லேப் கணினியும் மட்டும் இருந்தோம். வேலையில்லாத அந்த மாதங்களில் எதையெதையோ படிக்கப்போய், "டிராப்பிக்கல் டயல்" என்ற சொல்லில் முட்டி நின்றேன்.

1950களிலும் 60களிலும் ஸ்விட்சர்லாந்தில் செய்த கறுப்பு டயல்களில் சில, வெயில் பட்டுப் பட்டுப் பிரவுனாகிவிட்டன. மேல்பூச்சில் இருந்த குறை. அந்தக் காலத்தில் சர்வீஸுக்கு வந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று டயலையே கழற்றிப் புதியது போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கு அப்படி மாறிப்போன டயல் இருந்தால், நிறம் மாறாத அதன் உடன்பிறப்பைவிடப் பலமடங்கு விலை. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். துணிக்குச் சாயம் போட்டால் அது வெயிலுக்கு எவ்வளவு நிற்கிறது என்று சோதிப்போம். நீலக் கம்பளித் துண்டுகளோடு சேர்த்து விளக்கொளியில் வைத்து, ஒன்றிலிருந்து எட்டு வரை மதிப்பெண் போடுவார்கள். எட்டு வாங்கினால் ராஜா. இரண்டு, மூன்று வாங்கினால் டெபிட் நோட்டு, நம் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் சீட்டு. நான் பிரவுனைக் கறுப்பாக்கி மானம் காத்தவன். அங்கே கறுப்பு தானாகப் பிரவுனானதற்கு ஏலத்தில் கை தூக்குகிறார்கள்!

தூக்கிய கைகளில் மிகப் பெரிய கையின் கதை இது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம், 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை ஏலம் விட்டது. டயல் பால் குறைந்த காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போயிற்று. வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அதே ஒமேகா, அது வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைப் பொறுக்கிக் கோத்த சரக்கு என்றும், தன்னிடம் முன்பு வேலை பார்த்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு என்றும் அறிவித்தது.

செய்தவனையே ஏமாற்றிய நிறம் என்னை மட்டும் விட்டுவைக்குமா? 2014இல் நானும் ஏமாந்திருந்தேன், என் வசதிக்குத் தக்கபடி. ஃபாவ்ர் லூபா என்றால் எங்கள் அப்புச்சி காலத்தில் தோட்டம் துரவு உள்ளவர்கள் கையிலெல்லாம் மின்னிய கடிகாரம். டிராப்பிக்கல் டயலோடு ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்தது. படத்தில் டயல் கருப்பட்டிபோல இருந்தது. பணம் அனுப்பி வரவழைத்து, பழைய பஸ் நிலையத்துக்கு அருகே கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் மூடியைக் கழற்றி, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு டயலின் ஓரத்தைச் சாமணத்தின் முனையால் காட்டி, "தம்பி, இந்த விளிம்பு வளையத்துக்கு அடியில் இருந்தது. இங்கே வெயில் எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்டார்.

போயிருக்காது. விளிம்பு கறுப்பாகவே இருந்திருக்க வேண்டும். என்னுடையது ஓரம்வரை ஒரே சீராகப் பிரவுன். எழுத்துகளும் மை பிசுபிசுத்துத் தடித்திருந்தன. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய "ஸ்விஸ் மேட்" வரியைக் காணவே காணோம். யாரோ பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் பிரவுன் ஸ்ப்ரே அடித்து மறுபடி அச்சுப் போட்டிருக்கிறார்கள். தினமும் ஷேடு பார்க்கிறவன், சாயம் சீராக இருப்பதே சந்தேகத்துக்குரியது என்று யோசிக்கவில்லை. சீராக இருந்தால் சந்தோஷப்பட்டே பழகிய கண்.

ஆகையால் இந்த முறை புதியதுதான், கடையில் நின்று கையில் வாங்கிப் பார்த்துத்தான் என்று சத்தியம் செய்துகொண்டேன்.

முதலில் கோவை அவினாசி சாலையில் ஒரு பெரிய கடை. மேலே வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள், ஒவ்வொன்றும் கண்ணாடிப் பெட்டியைக் குறி பார்த்தபடி. ஸ்விஸ் கடிகாரம் ஒன்றைத் தட்டில் வைத்தார்கள். ஸ்டீல் உடம்பு, சன்ரே டயல். விளக்குக்கடியில் டயல் தீப்பிடித்ததுபோல இருந்தது. நடுவிலிருந்து இரண்டு வெளிச்ச விசிறிகள் விரிந்து, கையைத் திருப்பத் திருப்பச் சுழன்றன. பித்தளைத் தகட்டில் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சன்னமான கோடுகள் இழைத்து, அதன்மேல் நிறம் ஏற்றுவதால் வருகிற வித்தை இது. எங்களிடம் வெலூர் துணி இப்படித்தான். ரோமம் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு ஷேடு, தலைகீழாகத் திருப்பினால் இன்னொன்று. கட்டிங் மாஸ்டர் கவனிக்காமல் ஒரு கையை மாற்றி வெட்டிவிட்டால் சட்டையே இரண்டு நிறமாகிவிடும்.

நான் உறையிலிருந்து அந்த 1998 துண்டை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தேன். விற்பனைப் பையன் அதைக் கண்ணாடி துடைக்கும் துணி என்று நினைத்துக்கொண்டு, "எங்களிடமே இருக்கிறது சார்" என்று வெள்ளையாக ஒன்றைக் கொடுத்தான். வெளியே வெயிலில் பார்க்கலாமா என்று கேட்டேன். மேலாளரைக் கேட்டுவிட்டு வந்தான். கடைசியில் ஓர் ஊர்வலமாகப் போனோம்: முன்னால் நான், பக்கத்தில் பையன், பின்னால் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலாளி. படிக்கட்டில் வெயில் விழுந்ததும் டயல் அருமையாகத்தான் இருந்தது. இரண்டடி பின்னால் வந்து தூண் நிழலில் நின்றேன். கறுப்பு! சுத்தமான கறுப்பு. காவலாளியிடம் நீட்டி, "அண்ணா, இது என்ன நிறம்?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "கறுப்புங்க" என்றார். நான் நாளில் பத்து மணி நேரம் கூரைக்கடியில் இருக்கிறவன். படிக்கட்டில் மட்டும் பிரவுனாக இருக்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிரவுன் டயல் தேடுகிற யாருக்கும் நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை அந்தப் படிக்கட்டுதான். கடை விளக்கை நம்பாதீர்கள், வெயிலையும் நம்பாதீர்கள். நீங்கள் மணி பார்க்கிற இடத்தின் வெளிச்சம் எதுவோ அதில் பாருங்கள். கண்ணாடியையும் சாய்த்துப் பார்த்துவிடுங்கள். வெளிச்சம் திருப்பியடிக்காமல் இருக்க மேலே பூசுகிற பூச்சு சிலவற்றில் நீலமும் ஊதாவுமாக ஒரு சாயை விழும். நீல டயலில் அது தெரியாது. பிரவுனில் விழுந்தால் கத்தரிக்காய்.

ஈரோட்டு நண்பர் ஒருவரிடம் டியூடர் பிளாக் பே பிரான்ஸ் இருந்தது, 2016இல் வந்த முதல் வகை. வெண்கல உடம்பு, பிரவுன் டயல், பிரவுன் தோல் பட்டை. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல அவ்வளவு பொருத்தம். நண்பர் கையில் வெண்கலம் வியர்வைக்குக் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்து, கோயில் குத்துவிளக்குபோல ஆகியிருந்தது. அதுதான் அதன் அழகு என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆடி வெள்ளிக்குப் புளி போட்டு விளக்கிவிடுவேன்" என்றாள். நண்பர் சட்டென்று திருப்பி வாங்கிக்கொண்டார். எப்படியும் 43 மில்லிமீட்டர் என் கைக்கு வாளி மூடி.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். படேக் ஃபிலிப்பின் ரோஸ் கோல்டு அக்வாநாட், அதே பிரவுனில் ரப்பர் பட்டையோடு. ஒருவர் கையில் பார்த்தேன். விலையைக் கேட்டபின் அவர் கையைப் பார்க்கவில்லை. மோசர் நிறுவனத்தின் ஃப்யூமே டயல்களைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நடுவில் தேனாகத் தொடங்கி ஓரத்துக்குப் போகப் போகக் கரியாகிறது. சாயக்காரனாக அதற்கு ஒரு கும்பிடு. ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டரில் பிரவுனும் பொன்னுமாக எழுபதுகளில் புகழ்பெற்ற வகை ஒன்று உண்டு. "ரூட் பீர்" என்று அமெரிக்கப் பானத்தின் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். வேரைக் காய்ச்சி எடுக்கிற இனிப்புப் பானம். நம் கணக்கில் நன்னாரி சர்பத். சர்பத் வாட்ச் என்று பெயர் வைத்திருந்தால் கொங்கு நாட்டில் இன்னும் நாலு விற்றிருக்கும்.

தோல் பட்டை வேண்டாம் என்பது தொடக்கத்திலேயே முடிவு. பிரவுன் டயலுக்குப் பிரவுன் தோல் என்பது புத்தக இலக்கணம். சித்திரையில் டையிங் மிஷின் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு மாதத்தில் பட்டை உப்புப் பூத்து, நாறி, நிறமும் கறுத்துவிடும்.

மச்சான் ஒரு விஷயத்தில் எனக்குப் பாடமாக இருந்தார். அவருடைய பழைய ஆட்டோமேட்டிக் திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஓட ஆரம்பித்தது. எண்ணெய் வற்றிவிட்டது, சர்வீஸ் செய்ய வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தார். அதே பஸ் நிலையத்துப் பெரியவர் ஒரு திசைகாட்டியைக் கடிகாரத்தின் பக்கத்தில் கொண்டுபோனார். முள் ஆடியது. மச்சானின் பட்டறையில் கிரைண்டிங் மிஷின் இருக்கிறது. இரும்புத் துண்டைப் பிடித்துக்கொள்ள அதில் காந்தப் படுக்கை. அதன்மேல் கை வைத்தே வேலை பார்த்திருக்கிறார். மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வீச்சு குறுகி, ஓட்டம் வேகமாகும். காந்தம் இறக்கும் பெட்டியில் சில நொடி வைத்து எடுத்தார், சரியாகிவிட்டது. நூறு ரூபாய் வாங்கினார். அதிலிருந்து ஹேர்ஸ்பிரிங் எதனால் செய்தது என்று கேட்காமல் நான் எந்தக் கடிகாரத்தையும் தொடுவதில்லை. விற்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கேள்விக்கு டயலைத்தான் காட்டுகிறார்கள்.

இனி வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய பகுதி. ஸ்டீலும் தங்கமும் கலந்த கடிகாரங்களை நான் முப்பது வருடமாகக் கேலி செய்து வந்திருக்கிறேன். கல்யாண மண்டப வாட்ச், நூல் புரோக்கர் வாட்ச் என்றெல்லாம். சென்னைக்கு மகளைப் பார்க்கப் போனபோது, போகிற வழியில் என்று ஒரு கடைக்குள் நுழைந்தேன். ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 41, ஸ்டீலும் எவரோஸ் தங்கமும், சாக்லேட் டயல். காட்சிக்கு வைத்திருந்தார்கள், விற்பனைக்கு அன்று இல்லை. கையில் மட்டும் கட்டிப் பார்த்தேன். கடை ஓரத்தில் கோப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் சாதாரணக் குழல்விளக்கு ஒன்று எரிந்தது. அதற்கடியில் போய் நின்றேன். பிரவுன். படிக்கட்டுக்கு வந்தேன். பிரவுன். நிழலில், கொஞ்சம் இருண்டு, அப்போதும் பிரவுன்தான்.

காரணம் அக்கம்பக்கம். முள்ளும் மணிக்குறிகளும் சுற்றுவளையமும் இளஞ்சிவப்புத் தங்கம். எங்கே கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தாலும் அவை பற்றிக்கொள்கின்றன. அவை ஒளிர ஒளிர நடுவில் இருப்பதைக் கண் பிரவுன் என்று படித்துவிடுகிறது. ஸ்டீல் வளையம் இருந்திருந்தால் இந்த டயலும் தூண் நிழலில் தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். மூன்று மணியில் தேதிச் சாளரம் வெள்ளை. பிரவுன் சுவரில் வெள்ளை ஜன்னல் கண்ணை உறுத்தும் என்று எதிர்பார்த்தேன். உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் குழாய்ச் சோதனையின் கணக்குப்படி அதுவும் வேலைக்குரிய ஆள்.

எவரோஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது எங்கள் தொழில். இளஞ்சிவப்புத் தங்கத்தின் சிவப்பு செம்பு கொடுப்பது. நாள்பட்டால், உப்புத் தண்ணீரும் குளோரினும் பட்டால், அந்தச் சிவப்பு மங்கும். 2005இல் ரோலெக்ஸ் தன் சொந்த வார்ப்படத்தில் கொஞ்சம் பிளாட்டினம் சேர்த்து உருக்கிக் கொண்டுவந்த கலவைக்குத்தான் எவரோஸ் என்று பெயர். நிறம் வெளிறாமல் பிடித்து நிறுத்துவதற்காகவே அந்தப் பிளாட்டினம். தங்கத்துக்கும் ஃபாஸ்ட்னஸ், அதாவது நிறம் நிற்கிறதா என்று, பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாதி மனம் அங்கேயே விழுந்துவிட்டது. ஹேர்ஸ்பிரிங் நியோபியமும் ஸிர்கோனியமும் கலந்தது, காந்தத்துக்கு மசியாது. சாவி முழுதாக ஏறினால் 70 மணி நேரம் ஓடும். நாளுக்கு இரண்டு நொடி முன்பின் என்று சொல்கிறார்கள். பட்டறை சங்கு ஊதுகிற நேரத்தையே இரண்டு நிமிடம் முன்பின்னாகப் பார்க்கிறவனுக்கு இது அதிகம்தான்.

பெயர் எழுதிவைத்துவிட்டு வந்து, மாதங்கள் காத்திருந்து, ஐப்பசியில் கூப்பிட்டார்கள். ரசீதில் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குமேல் டிசிஎஸ் என்று, விற்பவரே பிடித்துக் கட்டும் வரி, 1 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் பிடிக்கிறார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். (இந்த வரியை எழுதிய பிறகுதான் உறைக்கிறது: மச்சான் இதைப் படிப்பார். விலையை அவரிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.) ஸ்விட்சர்லாந்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் அதே அக்டோபர் முதல் தேதிதான் அமலுக்கு வந்திருந்தது, ஸ்விஸ் கடிகாரங்களுக்கான சுங்க வரி வருடா வருடம் படிப்படியாகக் குறையும், ஏன் அவசரப்பட்டேன் என்று ஆடிட்டர் கேட்டார். ஐம்பத்திரண்டு வயதில் இன்னும் எத்தனை படி இறங்கக் காத்திருப்பது?

ஊருக்கு வந்த மறுநாள் மதியம், லேபில் பையன்கள் சாப்பிடக் கிளம்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவன் மட்டும் கிளம்பவில்லை. இருபத்து மூன்று வயது. என்னைவிடக் கண் கூர்மை. சரி, இருக்கட்டும் என்று கடிகாரத்தைக் கழற்றி லைட் பாக்ஸுக்குள் சாம்பல் நிறப் பலகைமேல் வைத்தேன். பகல் விளக்கு: காய்ந்த புளியங்கொட்டை. மஞ்சள் பல்பு: நாட்டுச்சர்க்கரை, கையை உள்ளே விட்டு அள்ளியது, ஈரத்தோடு. நான் கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானிலேயே நின்றுவிட்டேன். புற ஊதா விளக்கில் டயல் மறைந்து, முள்ளும் குறிகளும் மட்டும் நீலமாக எரிந்தன.

"அண்ணா, ஸ்டாண்டர்டு எங்கே?" என்று கேட்டான் பையன். "எதோடு மேட்ச் பார்க்கிறோம்?"

டிராயரைத் திறந்து உறையை எடுத்து, 1998 துண்டைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தேன். அவன் பகல் விளக்கைப் போட்டான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். "கிட்டத்தட்ட வந்துவிட்டது அண்ணா" என்றான். பிறகு நான் சொல்லாமலே டிஎல்84 பொத்தானை அழுத்தினான். துண்டு அப்படியே இருந்தது. டயல் நகர்ந்தது, லேசாக, சிவப்புப் பக்கம்.

"பாஸ் ஆகாது அண்ணா" என்றான்.

கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டேன். மணி ஒன்று இருபது. அவனையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.